பர்வீன் அக்கா நீட்டிய இரண்டு கைகள்

மேடையில் வீற்றிருக்கும் ஓடைக்கரை நண்பர்கள் குழுவின் தலைவர் ஆவுடையப்பன் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், எங்கள் பர்வீன் அக்காவைப் பெற்ற நூர்னிசா அம்மா அவர்களே, அக்காவின் தம்பி அனஸ் அண்ணன் அவர்களே, ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, அக்காமார்களே, அண்ணன்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஈஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு பால்கோவாப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவள். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. எழுதிக்கொண்டு வந்ததைத்தான் வாசிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒளிப்படக் கலைஞர் பர்வீன் அவர்களைப் பற்றி, குழுவின் செயலாளர் பர்வீன் அவர்களைப் பற்றிச் சொன்னார்கள். இருபது வருடம் ஸ்டுடியோ நடத்தியதைச் சொன்னார்கள். நடக்க முடியாத பெரியவர்களின் வீட்டுக்கே போய், கட்டிலில் உட்கார வைத்து, பின்னால் வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொல்லி, பென்ஷனுக்குப் படம் எடுத்துக் கொடுத்ததைச் சொன்னார்கள். ராஜபாளையத்தில் அக்கா படம் எடுக்காத தெரு உண்டா? அக்கா நுழையாத கல்யாண வீடு உண்டா? எல்லாம் உண்மை. ஆனால் அக்கா எடுக்காத ஒரு படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

அய்யனார் கோவில் போகும் வழியில், மலையணில் சரணாலய எல்லைக்கு வெளியே, ஓடைக்கரையில் நிற்கும் பதினொரு மருத மரங்களை நீங்கள் அறிவீர்கள். அந்த மரங்களுக்கு இரண்டு வருடம் தவணை வாங்கித் தந்தது ஒரு படம். அந்தத் தவணை வரும் மாதம் பன்னிரண்டாம் தேதியோடு முடிகிறது. அக்கா இருந்திருந்தால் அன்றைக்கு அவர்தான் மறுபடியும் மனுவோடு போய் நின்றிருப்பார். சென்ற மாதம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. இனி யார் போவது? குழுவில் இரண்டு கூட்டம் போட்டும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. என் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் படம் வந்த கதையைக் கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பாதையை அகலப்படுத்துவதற்காக அந்த மரங்களில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டார்கள். எண் போட்டால் அடுத்து வெட்டுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மரங்களில் சாம்பல் நிற மலையணில் கூடு கட்டிக் குட்டி போட்டிருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமே! அரசு அலுவலகத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தெளிவான படம்.

குழுவில் பலர் போய் எடுத்தார்கள். எல்லாமே ஆடிய படங்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது அணிலா, கிளையில மாட்டுன பழைய சட்டையா?" என்று அங்கே ஒருவர் கேட்டாராம்.

ஏன் ஆடுகிறது? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உச்சிக் கிளையில் இருக்கும் அணிலைப் பக்கத்தில் கொண்டுவர நீளமான லென்ஸ் வேண்டும். அக்காவின் லென்ஸ் கேமராவோடு சேர்த்து மூன்று கிலோ. தூரத்தில் இருப்பதை எவ்வளவு பெரிதாக்குகிறதோ, அவ்வளவுக்கு நம் கையின் ஆட்டத்தையும் பெரிதாக்கும். நாடித்துடிப்பு கூடப் படத்தில் தெரியும். அதனால்தான் மூன்று கால் ஸ்டாண்டில் வைத்து எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஓடைக்கரை செங்குத்தான சரிவு. காலுக்குக் கீழே உருளும் கல். ஸ்டாண்டை விரித்து ஒரு காலை ஊன்றினால் இன்னொரு கால் வழுக்கும். அணிலோ தலைக்கு நேர் மேலே கிளை விட்டுக் கிளை ஓடிக்கொண்டே இருக்கும். கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். இலை நிழலில் வெளிச்சமும் குறைவு; அதனால் கேமரா கண் திறந்திருக்கும் நேரம் கூடும், அதற்குள் கை ஆடிவிடும். இத்தனை வருட அனுபவம் உள்ள அக்காவால் முடிந்திருக்க வேண்டாமா?

முடியவில்லை. ஏனென்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பட்டறையின் புது டப்பாவுக்குப் படம் எடுக்க அக்கா மடவார் வளாகம் வந்தார். கேமராவை ஒரு ஸ்டூலில் வைத்து எடுத்தார். எடுத்து முடித்த பிறகும் போகவில்லை. நான் கிண்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, ஒனக்குத் தோளு வலிக்காதா?"

"பழகிருச்சுக்கா. தோளுல கிண்டுனாத்தான் வலிக்கும். இடுப்புல கிண்டணும்."

"இடுப்புலயா? எம்புட்டு நேரம் இப்பிடி நிப்ப?"

"ஒரு சட்டிக்கு ஒண்ணரை மணி நேரம். ஒரு நாளைக்கு அஞ்சு சட்டி."

எங்கள் அம்மா வெள்ளைத்தாய் பக்கத்து அடுப்பிலிருந்து, "பேச்சுக் குடுக்காதீங்கம்மா, அடிப்பிடிச்சிரும்" என்று சத்தம் போட்டார். அக்கா சிரித்துக்கொண்டே வெளியே போய்க் காத்திருந்தார். வேலை முடிந்து நான் வந்ததும், பையில் எதையோ தேடுவது போல, "இதைச் செத்த நேரம் பிடி" என்று லென்ஸை என் கையில் கொடுத்தார். தேடினார், தேடினார், பத்து நிமிடம் தேடினார். அவர் எதையும் தேடவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அது வழியா கோபுரத்தைப் பாரு. கிளி இருக்கா?"

"இருக்குக்கா."

"ஆடுதா?"

"இல்லக்கா. அதுவாத்தான் தலையை ஆட்டுது."

அடுத்த ஞாயிறு காலை என்னையும் அம்மாவையும் காமராஜ் அண்ணன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அக்கா ஓடைக்கரைக்குப் போனார். நான் இருநூற்று நாற்பது படம் எடுத்தேன். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் இருநூற்று நாற்பதும் வீண்! ஆடியிருந்தால் கூடப் பரவாயில்லை. எல்லாப் படத்திலும் அணில் வட்டமாக இழுபட்டிருந்தது. பால்கோவா கிண்டுகிறவர்கள் கையை ஒரு நொடி நிறுத்தினாலும் பால் அடிப்பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் என் கை தானாகவே லென்ஸை மெதுவாகச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை!

எனக்கு அழுகை முட்டியது. அக்காவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "ஏட்டி, அணிலைப் பதமாக் கிண்டி வச்சிருக்கியே! ஏலக்காய் மட்டுந்தான் போடல!" காமராஜ் அண்ணன் எட்டிப் பார்த்து, "பர்வீன், இதை டப்பாவுல அடைச்சு வித்துருவோமா?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு என்னை அனுப்பியிருப்பார்கள். அக்கா அனுப்பினாரா? இல்லை. சிரித்து முடித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த வேலையில ஒங் கை எப்பத்தான் நிக்கும்?"

நான் யோசித்தேன். "சட்டியை எறக்கும்போது நிக்கும்க்கா. அப்ப ஆடுனா கொதிக்கிறது மேல கொட்டிரும்."

"எப்பிடி எறக்குவ? செஞ்சு காட்டு."

காட்டினேன். இடது காலை முன்னால் வைத்து, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி வெளியே விட்டு, மீதியை நிறுத்தித் தூக்குவேன். அக்கா இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார். பிறகு, "இதைத்தான்டி புத்தகத்துல எல்லாம் பக்கம் பக்கமா எழுதியிருக்கான். லென்ஸை எறக்குற மாதிரியே பிடி" என்றார். படம் எடுக்க எனக்குக் கற்றுத் தந்தேன் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "அவளுக்கு வந்ததை அவகிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம்" என்பார். எவ்வளவு பெரிய மனசு!

ஆறு ஞாயிறு போனோம். கூட்டைக் கண்டுபிடிப்பது அக்காவின் கண். பிடிப்பது என் கை. அக்கா எப்போதும் எனக்குப் பின்னால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நிற்பார். சரிவில் நான் வழுக்கினால் கூட என் தோளைப் பிடிக்க மாட்டார். "கல்லு உருளுது, பாத்து" என்று வாயால்தான் சொல்வார். டீக்கடையில் எப்போதும் அரை கிளாஸ் டீதான் கேட்பார். மழை இல்லாத நாளிலும் கையை முந்தானைக்குள் வைத்திருப்பார். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆறாவது ஞாயிறு, நான்காம் எண் மரத்தில், தாய் அணில் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கூட்டிலிருந்து வெளியே வந்தது. மூன்று படம் எடுத்தேன். இரண்டாவது படத்தில் குட்டியின் கண் இமை தெரிந்தது!

அதை இணைத்து மனு கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பாதையை அகலப்படுத்தக் கேட்ட எதிர்த் தரப்பில் வந்தவர் கேமரா தெரிந்தவர். படத்தின் விவரங்களைப் படித்துவிட்டு எழுந்து சொன்னார்: "சார், இவ்வளவு நீள லென்ஸ்ல, நூறுல ஒரு பங்கு நொடியில, ஸ்டாண்டு இல்லாம இவ்வளவு தெளிவா எடுக்க முடியாது. அந்தச் சரிவுல ஸ்டாண்டு வைக்க எடமே இல்ல. அப்ப இந்தப் படம் அந்த மரத்துல எடுத்தது இல்ல. சரணாலயத்துக்குள்ள எங்கயோ எடுத்ததைக் கொண்டாந்து வச்சிருக்காங்க."

அறையில் இருந்த பாதிப்பேர் தலையாட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது?

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, "யார் எடுத்தது?" என்று கேட்டார்.

எல்லோரும் பர்வீன் அக்காவைப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் ஐயா அக்காவின் காதருகே குனிந்து, "நீயே எடுத்தேன்னு சொல்லிரும்மா. ஒன்னால முடியும்னு ஊரே நம்பும். முடிஞ்சிரும்" என்றார். ஐயா, நீங்கள் மரத்துக்காகத்தான் அப்படிச் சொன்னீர்கள். சொல்லலாம் என்று நீங்கள்தான் எனக்கு அனுமதி தந்தீர்கள், அதனால் சொல்கிறேன். உண்மையிலேயே அந்த ஒரு வார்த்தை போதும்தான். நானும் மனதுக்குள், சொல்லிவிடுங்கள் அக்கா, என்றுதான் வேண்டிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று அவ்வளவு பயம் எனக்கு.

அக்கா எழுந்தார். முந்தானைக்குள் இருந்த இரண்டு கைகளையும் எடுத்து, அதிகாரியின் மேசைக்கு முன்னால் நீட்டினார்.

அந்தக் கைகள் நடுங்கின. காற்றில் இலை ஆடுவது போல நிற்காமல் நடுங்கின.

"பாருங்க சார். மூணு வருஷமா இப்பிடித்தான். மருந்து சாப்பிடுதேன், நிக்கல. இந்தக் கையால அந்தப் படம் வராது. எடுத்தது இந்தப் புள்ள, ஈஸ்வரி."

அந்த அறையில் யார் யார் இருந்தார்கள்? அக்காவிடம் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். வருடா வருடம் மில் விழாவுக்குக் கூப்பிடுகிறவர் இருந்தார். கை நடுங்கும் படக்காரரை யார் கூப்பிடுவார்கள்? மூன்று வருடமாக, பெற்ற தாய்க்குக் கூடத் தெரியாமல் மறைத்து வைத்ததை, ஒரு பால்கோவாக்காரப் பிள்ளையின் பெயரைச் சொல்வதற்காக அக்கா எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டினார்!

அதிகாரி என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணா? சரி, எடுத்துக் காட்டட்டும்." வராந்தாவுக்குக் கூட்டிப்போய், தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். "அதுல சுத்தம் பண்ணின தேதி எழுதியிருக்கும். படிக்கிற மாதிரி எடு பார்ப்போம். அதே நூறுல ஒரு பங்கு நொடியில."

அக்காவின் கேமராவைக் கையில் வாங்கினேன். எதிர்த் தரப்புக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பின்னால் நின்று, "சட்டியை எறக்குட்டி" என்று மட்டும் சொன்னார். எடுத்தேன். கேமராவின் பின்பக்கத்தில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். தேதி தெரிந்தது. தொட்டி ஏணியில் உட்கார்ந்திருந்த மைனாவின் மஞ்சள் காலும் தெரிந்தது. எதிர்த் தரப்புக்காரர்தான் முதலில், "சரியாத்தான் எடுத்திருக்கு" என்றார். அவருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன்.

"வயசு என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"பதினாறு."

"மைனர். வாக்குமூலமாப் பதிய முடியாதும்மா."

அக்கா விடவில்லை. "படம் எடுத்தவர்னு அவ பேரை எழுதிக்கோங்க சார். அதுக்குக் கீழ நான் பொறுப்புக் கையெழுத்துப் போடுதேன்." அப்படியே எழுதினார்கள். அக்காவின் கையெழுத்து கோணல் மாணலாக விழுந்தது. அதற்கு மேலே என் பெயர். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு, அரசாங்கத் தாளில் என் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை.

இரண்டு வருடம் மரங்களைத் தொடக்கூடாது, அதன் பிறகு கூடு இருக்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வராந்தாவில் வைத்து அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாக என் தோளில் கை வைத்தார். இத்தனை நாளும் படம் ஆடிவிடும் என்றுதான் தொடாமல் நின்றிருக்கிறார். அந்தக் கையின் நடுக்கம் என் எலும்பு வரை இறங்கியது. அதை என்னவென்று சொல்வேன்!

அந்த மாதமே மூன்று கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. மூன்றாவதும் போன அன்றைக்கு நூர்னிசா அம்மா அக்காவைத் திட்டியதை நான் ஸ்டுடியோ வாசலில் நின்று கேட்டேன். "ஒனக்கு எதுக்குட்டி இந்த வீராப்பு? நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கா தேஞ்சு போவும்?" அக்கா சண்டை போடவில்லை. "அது நான் எடுத்த படம் இல்லம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பள்ளிக்கூட அடையாள அட்டை, பென்ஷன் படம், பழைய படங்களைச் சரிசெய்வது என்று ஸ்டாண்டில் வைத்துச் செய்யும் வேலைகளாகவே பார்த்து நடத்தினார். ஒரு நாளாவது, உன்னால்தான் எனக்கு இப்படி ஆனது என்று என்னிடம் முகம் காட்டினாரா? ஒரு நாளும் இல்லை! பட்டறை லீவு விடும் ஞாயிறெல்லாம் முன்பு போலவே ஆட்டோவோடு தெருமுனையில் வந்து நின்றார்.

நான் அக்காவுக்கு நன்றி சொன்னதே இல்லை. எனக்கு வாய் வராது. "வாரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். என்னை நம்பி மூன்று கிலோவைக் கையில் கொடுத்ததற்கு நன்றி. இருநூற்று நாற்பது படம் வீணானபோது சிரித்ததற்கு நன்றி. சுலபமான பொய்யைச் சொல்லாததற்கு நன்றி, அக்கா.

அக்காவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். நூர்னிசா அம்மா என்னைக் கண்டதும் அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, முதல் வார்த்தையாகக் கேட்டது இதுதான்: "பன்னெண்டாந் தேதி யாருட்டி போறது?"

சென்ற ஞாயிறு அக்காவின் கேமராவோடு தனியாக ஓடைக்கரைக்குப் போனேன். காமராஜ் அண்ணனும் அம்மாவும் பாதையில் காத்திருந்தார்கள். அக்காவின் கண் இல்லாமல் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆனால் கண்டுபிடித்தேன். ஒன்பதாம் எண் மரத்தில், பச்சை இலை வைத்துப் புதிதாகக் கட்டிய கூடு. அணில் இலையைச் செருகிக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன். படம் ஆடாமல் நிற்கிறது. ஸ்டாண்டு இல்லை.

பெரியோர்களே! எனக்கு சென்ற ஆவணியில் பதினெட்டு முடிந்துவிட்டது. இனி என் பெயருக்குக் கீழே இன்னொருவர் பொறுப்பேற்கத் தேவையில்லை. ஐயா, குழுவின் அனுமதியோடு கேட்கிறேன்: புதிய மனுவில் படம் எடுத்தவர் என்ற இடத்திலும், மனுதாரர் என்ற இடத்திலும் என் பெயரை எழுதுங்கள். அந்த அறையில் என்ன கேட்டாலும் நானே பதில் சொல்வேன். கை ஆடாது என்று எனக்குத் தெரியும். குரல் ஆடலாம். ஆடினாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன். இது அக்காவின் பெயரால் நான் உங்களுக்குத் தரும் உறுதிமொழி.

பதினொரு மரத்தில் இந்தத் தடவை நான் கூடு கண்டிருப்பது ஒன்றில்தான். மீதிப் பத்து மரத்தையும் பன்னிரண்டாம் தேதிக்குள் பார்த்தாக வேண்டும். எனக்கு அண்ணாந்து பார்க்கிற கண்கள் வேண்டும். கேமரா வேண்டாம், படிப்பு வேண்டாம், சத்தம் போடாமல் நிற்கத் தெரிந்தால் போதும். வரும் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு காமராஜ் அண்ணன் ஆட்டோ ஸ்டுடியோ வாசலிலிருந்து கிளம்பும். முதல் ஆளாக நூர்னிசா அம்மா பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. அதற்கு மேல் வருகிறவர்களுக்கு இன்னொரு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

வணக்கம்.